லாரி பிரேக்கில் கை வைக்காதே

இந்த வீட்டில் ஒரு விஷயமாவது என் இஷ்டப்படி நடக்க வேண்டும் என்று இந்த வசந்தத்தில் ஒரு தீர்மானம் எடுத்தேன். எடுத்த இடம் கோழிக் கொட்டகை. என் மனைவி லோரீன் காதுக்கு எட்டாத இடம் எங்கள் பண்ணையில் அது ஒன்றுதான். கோழிகள் ஆட்சேபிக்கவில்லை.

விஷயம் என் கார். கூரையில்லாத பழைய ரோட்ஸ்டர். பெரிய இஞ்சின் ஒன்றை அதில் திணித்து, கிளப் ஆட்களோடு வறண்ட ஏரிப் படுகையில் பறக்கவிடுவேன். கலிபோர்னியாவில் இந்தப் பைத்தியம் பிடித்த நாங்கள் வேகமாகப் போவதைப் பற்றி நாள் முழுக்கப் பேசுவோம். நிற்பதைப் பற்றிப் பேசினால் கௌரவக் குறைச்சல். பாரம் குறையட்டும் என்று முன்சக்கர பிரேக்கைக் கழற்றி எறிந்துவிடுவோம். பின்சக்கரத்தில் மிச்சமிருப்பது கம்பி இழுக்கிற அந்தக் காலத்து பிரேக். அதை மிதித்துவிட்டு ஜெபமும் பண்ண வேண்டும்.

போன மாசம் என் சிநேகிதன் வெர்ன் ஸ்டக்கிக்கு ஜெபம் முடியவில்லை, அதற்குள் பாசன வாய்க்கால் வந்துவிட்டது. இடுப்பு வரை மாவுக்கட்டு. அவனைப் பார்த்துவிட்டு வந்த லோரீன் அன்று சாப்பிடவில்லை. அடுத்து என் காரை விற்கச் சொல்வாள் என்று பதிலெல்லாம் தயார் பண்ணி வைத்திருந்தேன். அவள் பேசியது வேறு.

"ஆர்வில், உன் காரை நீ என்னமோ பண்ணிக்கோ. நம்ம லாரி பிரேக்ல மட்டும் கை வைக்காதே."

"நான் எதுக்கு அதுல கை வைக்கப் போறேன்?"

"வைக்க மாட்டேதான். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். பெரிய டிரம், ஆயில் பிரேக், தொட்டா நிக்குது. அடுத்த ஞாயித்துக்கிழமை அதுலதான் போய் அம்மாவைக் கூட்டிட்டு வரணும்."

"எத்தனை நாள் இருப்பாங்க?"

"இன்னும் வரவே இல்ல. அதுக்குள்ள திருப்பி அனுப்பக் கணக்குப் போடறியா?"

சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை லாரி பிரேக்கை நான் நினைத்ததே இல்லை. அதற்கப்புறம் வேறெதையும் நினைக்க முடியவில்லை. அது என் காருக்கு வந்தால் லாரி நகராது. லாரி நகராவிட்டால் மாமியாரும் நகரமாட்டார். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

சனிக்கிழமை லோரீன் தொப்பியை மாட்டிக்கொண்டாள். "சர்ச்சுல பாட்டுப் பயிற்சி. சாயங்காலம்தான் வருவேன்." வாசல் வரை போய்த் திரும்பி இன்னொரு தடவையும் சொன்னாள். "சாயங்காலம்தான்."

அவள் தலை மறைந்ததும் லாரியை முட்டுக்கொடுத்துத் தூக்கினேன். பிரேக் டிரம், அதைத் தாங்கும் தட்டு, எண்ணெய்க் குழாய் எல்லாம் கழன்று வந்தன. என் காரின் பின் அச்சில் தட்டை வைத்தால் லொடலொடவென்று ஆடியது. லாரித் தட்டின் நடு ஓட்டை பெரிசு, என் அச்சின் முனை சின்னது. நடுவில் ஒரு வளையம் போட்டால்தான் நேராக உட்காரும். கடைசல் இயந்திரம் வைத்திருக்கும் பக்கத்துப் பண்ணை எம்மெட் லஸ்கிடம் ஓடினேன்.

"எம்மெட், அவசரமா ஒரு வளையம் கடைஞ்சு தரணும். அளவு வந்து..."

அவர் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். "இது ஆகுமா பாருய்யா."

"அளவே இன்னும் சொல்லலையே!"

"சும்மா கிடந்துச்சு."

"லாரித் தட்டுக்கும் என் அச்சுக்கும் நடுவுல போடற வளையம் சும்மா கிடக்குமா?"

"ரெண்டு கிடக்குய்யா. உனக்கு ரெண்டு சக்கரம்தானே? எடுத்துட்டுப் போ."

அதிர்ஷ்டம் என் பக்கம் என்று நினைத்தேன். வளையம் அளவெடுத்தாற்போல் உட்கார்ந்தது. பிரேக் எண்ணெய் ஊற்றி, குழாயில் நின்ற காற்றை வெளியேற்றி, பண்ணைப் பாதையில் காரை விரட்டினேன். வாய்க்கால் மதகு எதிரே வந்தது. மிதித்தேன். கார் நின்றது. என் தொப்பி மட்டும் தண்ணீர் வரை போனது.

இறங்கிப் போய்த் தொப்பியை எடுத்துப் பிழிந்தேன். ஒவ்வொரு ஓட்டத்திலும் கடைசியில் எனக்குப் பயம் வரும் என்பதை யாரிடமும் சொன்னதில்லை. அன்று அது வரவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சாயங்காலம் எம்மெட் ஒரு காலித் தட்டோடு வந்தார். "லோரீன், உன் தட்டும்மா. பழம் வச்சு நீ சுட்ட ஆப்ரிகாட் பை பிரமாதம். ஆமா, வளையம் சரியா இருந்துச்சா?"

நான் லோரீனைப் பார்த்தேன். அவள் தட்டை வாங்கித் துடைத்து அடுக்கினாள்.

"அளவை யாரு கொடுத்தது?" என்று எம்மெட் போனதும் கேட்டேன்.

"அவரே வந்து எடுத்தார். நீ வயல்ல இருந்தே."

"நேரா சொல்லியிருக்கலாமே, பிரேக்கை மாத்துன்னு."

"சொன்னா மாத்தியிருப்பியா?"

மாற்றியிருக்க மாட்டேன். அது எனக்கும் தெரியும்.

"வெர்னுக்கு அவன் பொண்டாட்டி கஞ்சி ஊட்டிட்டிருந்தா ஆர்வில். அதைப் பார்த்துட்டு வந்தேன். எனக்கு அது வேண்டாம்." நான் அவள் தோளைத் தொட்டேன்.

ஆனாலும் எனக்கு ஒரு வெற்றி பாக்கி இருந்தது. "அப்போ லாரி நகராது. பாவம், உங்க அம்மா."

"அம்மாவுக்கென்ன? உன் கார்தான் இப்ப நல்லா நிக்குதே."

ஞாயிற்றுக்கிழமை என் ரோட்ஸ்டரை அவளே ஓட்டிக்கொண்டு போனாள். நானும் வருகிறேன் என்றேன். அதில் சீட் ரெண்டுதானாம். வரும்போது அம்மா எங்கே உட்காருவார் என்று கேட்டாள்.