பாதி மீசையும் ஒரு முழு பஸ்ஸும்

என் அக்கா பெற்ற அறிவுக் களஞ்சியமே, ஒரு வகுப்பு முழுவதையும் ஒற்றைப் பார்வையில் உட்கார வைக்கும் வீராங்கனையே, அன்பு மருமகளே,

உன் மாமன் எழுதிக்கொள்வது. இங்கே என் மீசையின் இடது பாதியைத் தவிர மற்ற யாவரும் நலம். உன் பக்கத்தில் எல்லாம் முழுசாக இருக்கும் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் வந்தது. "ஏரிக்கரைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் தர்றேங்கறாங்க மாமா, வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும், நம்ம தெருவுல இருந்து அங்கே பஸ் இருந்தா அம்மாவோடயே வந்து இருந்துடுவேன், புதுப் பஞ்சாயத்துத் தலைவர் பஸ் விடறேன்னு சொல்லியிருக்காராமே, விடுவாரா? அம்மாவைக் கேட்டா விமானமே வருதுன்னு சொல்லுவாங்க, அதனாலதான் உங்களைக் கேக்கறேன்" என்று நாலு வரி எழுதிவிட்டு நீ நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டாய். அந்த நாலு வரியால் இங்கே பூமி தலைகீழாகப் புரண்டு, கடல் கொதித்து, உன் மாமன் தெருவில் முகத்தில் துண்டு போட்டு நடக்கும்படி ஆகிவிட்டது. பொறுமையாகக் கேள்.

நம் தெருமுனை பஸ் நிறுத்தத்தை நீ மறந்திருக்க மாட்டாய். கூரை உண்டு, பெஞ்சு உண்டு, பஸ்தான் கிடையாது. தலைவராக முதலில் வந்தவர் கூரை போட்டார், அடுத்தவர் அந்தக் கூரைக்கு வேறு நிறம் அடித்தார், அதற்கடுத்தவர் பெஞ்சு போட்டு, பெஞ்சை விடப் பெரிதாகத் தன் பெயரை எழுதினார், எல்லோருமே பஸ்ஸை அடுத்த மாதம் விடுவதாகச் சொன்னார்கள். அந்த அடுத்த மாதத்தில் நீ பிறந்து, படித்து, டீச்சரும் ஆகிவிட்டாய். இடம் சும்மா கிடக்கிறதே என்று முடிதிருத்துகிறவர் தன் சுழல் நாற்காலியைக் கொண்டுவந்து உள்ளே போட்டு, பஸ் நேரம் எழுத வைத்திருந்த பலகை மேல் கண்ணாடியை மாட்டிவிட்டார். தையல்காரர் மெஷினோடு வந்தார். மீதி இடத்தில் நான். உலகத்தில் உள்ள அத்தனை அரசாங்கங்களையும் காலையில் கவிழ்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போவது என் வழக்கம்.

உன் கடிதத்தை அங்கேதான் படித்துக் காட்டினேன். தையல்காரர் துள்ளிக் குதித்தார். "கண்டிப்பா விடுவாரு! இவரு பழைய ஆளுங்க மாதிரி இல்லைங்க, பேசும்போது கையை ஆட்டறதே இல்லை, பாத்தீங்களா?" "யோவ், கையை ஆட்டாம இருந்தா பஸ் வந்துருமா? பஸ்ஸை நிறுத்தறதுக்கே கையை ஆட்டணும்யா" என்றேன். பேச்சு முற்றியது. நான் பெஞ்சின் மேல் ஏறி, வானத்து நட்சத்திரங்கள் பயந்து பகலிலேயே எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கர்ஜித்தேன்: "இந்த இடத்துல ஒரு பஸ் வந்து நின்னா, இதே நாற்காலியில உக்காந்து என் மீசையை எடுத்துடறேன்!" என் மீசை சாதாரண மீசையா? நான் பிறந்தபோது முதலில் வெளியே வந்தது அதுதான் என்று உன் அம்மாவே சொல்லுவாள்.

நேற்றுக் காலை பஸ் வந்துவிட்டது!

சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் யாருக்கும் அது பஸ் என்றே தெரியவில்லை. தண்ணீர் லாரி என்று நினைத்து உன் அத்தை குடத்தோடு ஓடி வந்தாள். அது வந்து, பெருமூச்சு விட்டு, பெஞ்சுக்கு நேராக நின்று, கதவைத் திறந்ததா, தெருவே அலறியது, தையல்காரர் பஸ்ஸின் முன்பக்கத்தைக் கட்டிப்பிடித்து அழுதார், நாலு பேர் என்னைத் தூக்கி நாற்காலியில் போட்டார்கள். ஒரு தலைக்கு முடி வெட்டினால் அதற்குள் காதோரம் மறுபடி வளர்ந்துவிடும் அளவுக்கு நிதானமான அந்த முடிதிருத்துகிறவர், நேற்று மட்டும் மின்னல் வேகத்தில் ஒரே இழுப்பில் இடது பாதியை எடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து கண்டக்டர் இறங்கி வந்து கேட்டார்: "அண்ணே, பெரிய ரோட்டுக்கு எப்படிப் போறது? அங்கே தோண்டிப் போட்டிருக்காங்க, சுத்தி வந்து வழி தப்பிட்டோம்."

கத்தி அந்தரத்தில் நின்றது. நான் முடிதிருத்துகிறவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"வந்துச்சா இல்லையா? மீதியையும் எடுங்க!" என்று தையல்காரர் கத்தினார்.

"வழி தப்பி வந்ததெல்லாம் வந்ததாகுமா? வழி தப்பி ஒரு மாடு உன் வீட்டுக்குள்ள வந்தா பாலைக் கறந்துக்குவியா?"

"கறந்துக்குவேன்!"

இப்படிப்பட்டவரிடம் என்ன நியாயம் பேசுவது? கண்டக்டர் எங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எதுக்கு இவ்வளவு கூட்டம்?" என்றார். "இது பஸ் ஸ்டாப்புங்க" என்றார் முடிதிருத்துகிறவர், கையில் கத்தியோடு. "ஸ்டாப்பா? எங்க ரூட்லயே இல்லையே." அதற்குள் உன் அம்மா செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்துவிட்டாள். "தம்பி, ஏரிக்கரைப் பள்ளிக்கூடம் போகுமா?" "அதுக்குத்தாம்மா போய்க்கிட்டிருக்கோம்." "என் பொண்ணு டீச்சர். அவ இங்கே நின்னா ஏத்திக்குவீங்களா?" அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "பஸ் வந்தா ஏத்திக்கறேம்மா" என்று சொல்லிவிட்டு விசில் கொடுத்தார். தூசி அடங்கிய பிறகும் உன் அம்மா அங்கேயே நின்றாள். நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். பாதி மீசையோடு ஆறுதல் சொன்னால் எடுபடாது.

ஆகவே மருமகளே, என் தீர்ப்பு இதுதான். வராதே. தலைவர்கள் மாறுவார்கள், கூரையின் நிறம் மாறும், பஸ் மட்டும் வழி தப்பினால்தான் வரும். மாற்றல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடு. உன் அம்மா உன் அறை ஜன்னல் திரைகளைத் துவைத்துப் போட்டிருக்கிறாள், அவளிடம் நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். உன் அத்தை என்னிடம் வலது பக்கம் உட்கார்ந்துதான் பேசுகிறாள். "அந்தப் பக்கம் உக்காந்தா யாரோ வேத்து ஆம்பளை மாதிரி இருக்கு, கூச்சமா இருக்கு" என்கிறாள்.

கல்வியும் ஆரோக்கியமும் பிள்ளைகளை மிரட்டும் குரலும் உனக்குக் குறைவில்லாமல் இருக்கட்டும் என்று வாழ்த்தும்,
உன் தாய்மாமன்,
தெருமுனை அரசாங்கக் கவிழ்ப்பு நிபுணன்.

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன், அவசரம், கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள். கடிதத்தைத் தபாலில் போடப் போனேன். பஸ் வந்து நின்றது! அதே கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "டீச்சரம்மா வந்துட்டாங்களா?" என்றார். விஷயம் என்னவென்றால், வழி தப்பியதைச் சொன்னால் திட்டு விழும் என்று, நேற்றுத் தாமதத்துக்கு அவர் மேலதிகாரியிடம் வேறு காரணம் சொல்லியிருக்கிறார்: ஸ்டாப்பில் பஸ் நிற்பதில்லை என்று ஊரே திரண்டு மறித்துவிட்டது, ஒரு பெரியவர் பாதி மீசையை எடுத்துப் போராடுகிறார், மீதியை எடுத்தால் கலவரம் ஆகும் போலிருக்கிறது! அதிகாரி அலறிப்போய், தினமும் காலையும் மாலையும் இங்கே நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டுவிட்டாராம். தையல்காரர், "நான் சொல்லலை? தலைவர் வாழ்க!" என்கிறார். தலைவரின் ஆட்கள் அதற்குள் பசை வாளியோடு வந்து கூரைத் தூணில் படம் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். சரி, வாக்கு வாக்குதான் என்று நான் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். கண்டக்டர் பதறி ஓடி வந்து கத்தியைப் பிடுங்கிவிட்டார். "ஐயா, கையெடுத்துக் கும்பிடறேன், எடுத்துடாதீங்க! போராட்டம் முடிஞ்சுதுன்னு இங்கே பஸ் வர்றதையே நிறுத்திடுவாங்க. டீச்சர் வேலையில சேர்ற வரைக்குமாவது அப்படியே வச்சிருங்க." அதனால் மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு, இன்றே மாற்றலை வாங்கிக்கொண்டு கிளம்பு. சீக்கிரம் வா தாயே. நீ வரும் வரை உன் மாமனுக்கு ஒரு பக்கம்தான் முகம்.