மாமனாரின் சப்வூஃபரை நான் பழுது பார்த்த கதை

ஓர் உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள்தான். ஆனால் அந்த மூன்று வருடத்தில் பாடத்தைக் கற்றுக்கொண்டதை விட, பாடம் தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டதுதான் அதிகம். (பிராக்டிகல் பரீட்சையில் என் போர்டிலிருந்து புகை வந்தபோதுகூட, அது வரவேண்டிய புகைதான் என்பதுபோல நின்றிருந்தேன். பாஸ் போட்டுவிட்டார்கள்.)

இந்த முகத்தோடுதான் வேப்பூர்ப் பக்கத்திலிருந்து விருத்தாசலத்துக்கு மருமகளாக வந்தேன். வீட்டுக்கு வீடு டிவிடி பிளேயர் வந்துகொண்டிருந்த காலம். மாமனார் பீங்கான் பொம்மை செய்பவர். வீட்டுக்குப் பின்னால் பட்டறை. பட்டறையில் இடம் போதாமல் கூடத்திலும் இரும்பு ஸ்டாண்டில் பலகை அடுக்கி, பொம்மைகளைக் காய வைத்திருப்பார்கள்.

மாமனார் தங்கமான மனுஷர். ஒரே ஒரு குறை, அவர் என்னிடம் பேச மாட்டார். கோபமெல்லாம் இல்லை. மருமகளிடம் மாமனார் நேருக்கு நேர் பேசுவது மரியாதை இல்லை என்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். எதுவானாலும் அத்தை வழியாகத்தான். நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். அவர் அத்தையைப் பார்த்து, "அந்தப் பொண்ணு சாப்டுச்சான்னு கேளு" என்பார். அத்தை என் பக்கம் திரும்பி, "சாப்ட்டியான்னு கேக்கறாரு" என்பார். நான் "சாப்ட்டேன்னு சொல்லுங்க" என்பேன். கழுத்து வலிக்கு அத்தை மாதாமாதம் தைலம் வாங்குவதன் காரணம் எனக்குப் புரிந்தது.

சிரிப்பாகச் சொல்கிறேனே தவிர, எனக்கு அது நிஜமாகவே வலித்தது. பிறந்த வீட்டில் அப்பாவோடு வாய் ஓயாமல் பேசி வளர்ந்தவள் நான். ஆறு மாதமாக ஒரு வீட்டில் 'அந்தப் பொண்ணு'வாகவே இருந்தால் யாருக்குத்தான் வலிக்காது?

அப்போதுதான் சப்வூஃபர் செத்துப்போனது.

மாமனாரின் தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ஸ்டீரியோவின் பெரிய ஸ்பீக்கர் பெட்டி அது. சாயங்காலம் வேலை முடிந்து கை கழுவியதும் பம்பை, உடுக்கைப் பாட்டு சிடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பெரிய பெட்டி 'தும் தும்' என்று அதிர, அவர் கண்ணை மூடித் தலையாட்டுவார். அந்தப் பெட்டி ஒருநாள் 'உர்ர்ர்' என்று உறுமிவிட்டு ஓய்ந்தது. கடைக்காரர் "இதுக்குப் பொருள் கிடைக்காதுங்க, புதுசா வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டார். மாமனார் பெட்டியின் மேல் ஒரு துண்டைப் போர்த்தி வைத்துவிட்டு அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை.

எனக்குள் பல்பு எரிந்தது. இதை மட்டும் சரிசெய்துவிட்டால் இந்த மனுஷர் என்னிடம் பேசாமல் எங்கே போவார்?

"அத்தை, உள்ள இருக்கற ஆம்ப்ளிஃபையர் போயிருந்தா வேற போட்டுக்கலாம், நானே செய்றேன்னு மாமாகிட்ட சொல்லுங்க" என்றேன்.

மாமா, அத்தையிடம்: "எத்தினி நாளு ஆவும்னு கேளு."

"ரெண்டே நாள்னு சொல்லுங்க!" (முகம் ரெடி.)

என் வீட்டுக்காரர் மட்டும் ஓரமாக வந்து, "உனக்கு நெசமா தெரியுமா?" என்றார். கட்டிய பெண்டாட்டியைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?

பெட்டியைத் திறந்தால் எண்ணெயில் போட்ட பூரி மாதிரி கண்டென்சர்கள் உப்பியிருந்தன. ஆம்ப்ளிஃபையர் போர்டு கருகியிருந்தது. கூடவே கிராஸ் ஓவரும் போயிருந்தது. கிராஸ் ஓவர் என்பது வேறொன்றுமில்லை. பாட்டில் இருக்கும் கனத்த சத்தத்தைப் பிரித்துப் பெரிய பெட்டிக்கும், மெல்லிய சத்தத்தைச் சின்ன ஸ்பீக்கர்களுக்கும் அனுப்புகிற போர்டு. எங்கள் வீட்டில் அத்தை செய்கிற அதே வேலை. மாமா சொல்வதில் கனமானதைத் தன்னோடு வைத்துக்கொண்டு, மெல்லியதை மட்டும்தான் என்னிடம் அனுப்புவார்.

என் வீட்டுக்காரர் சென்னைக்குப் பொம்மை கொண்டுபோனபோது இரண்டு போர்டும் வாங்கி வந்தார். நானும் ஈயம் உருக்கி ஒட்டுகிற சால்டரிங் அயர்னைப் பிடித்து, விரலில் மூன்று இடத்தில் சுட்டுக்கொண்டு, ஒயரையெல்லாம் சேர்த்துப் பாட்டைப் போட்டேன். பெரிய பெட்டியிலிருந்து 'கீச்சு கீச்சு' என்று சத்தம் வந்தது. சின்ன ஸ்பீக்கர்கள் இரண்டும் சளி பிடித்தவை போல இருமின. கிராஸ் ஓவரின் ஒயர்களை இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறேன்!

பட்டறையிலிருந்து அத்தை வந்தார். "கொசு கையில யாரு மைக்கு குடுத்ததுன்னு கேக்கறாரு."

ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் ஒயரை மாற்றினேன். புது போர்டு பழைய ஓட்டையில் அடங்கவில்லை. பலகையை அறுத்துப் பொருத்தி, காற்று கசியாமல் பசை வைத்து அடைத்தேன். காற்று கசிந்தால் 'தும்' வராது. (இது நிஜமாகவே படித்தது.) பசை காய வேண்டுமே? எங்கள் வீட்டில் எது காய வேண்டுமானாலும் ஒரே இடம்தான். வடகமா, பொம்மைப் பலகை. நனைந்த செருப்பா, பொம்மைப் பலகை. அதற்கென்றே ஒரு ஃபேன் வேறு சுற்றிக்கொண்டிருக்கும். நானும் யோசிக்காமல் பெட்டியைத் தூக்கி ஸ்டாண்டின் அடிப்பலகையில் வைத்தேன்.

மேலே நான்கு பலகை நிறையப் பச்சைப் பொம்மைகள். பச்சை என்றால் நிறமில்லை. இன்னும் சூளைக்குப் போகாத வெறும் மண். கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே உடையும். நவராத்திரிக்கான ஆர்டர். கல்யாண செட், பேண்டு வாத்திய செட், கிரிக்கெட் செட். மறுநாள் சூளையில் ஏற்ற வேண்டியவை.

மதியம் பசை காய்ந்தது. பெட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சோதித்திருக்கலாம். எனக்கு ஏது பொறுமை? இருந்த இடத்திலேயே ஒயரைச் செருகினேன். புது போர்டில் சத்தத்தைக் கூட்டுகிற திருகு ஒன்று இருந்தது. அதை அந்தக் கடைசி வரைக்கும் திருகினேன். பம்பைப் பாட்டைப் போட்டேன்.

தும்!

ஆஹா! அந்த ஒரு தும்முக்கு என் உடம்பெல்லாம் புல்லரித்தது. தரை அதிர்ந்தது, ஜன்னல் கம்பி அதிர்ந்தது. வந்துவிட்டது, நிஜமாகவே வந்துவிட்டது! கையைத் தட்டிக் குதித்தேன். தும், தும், தும்! நிமிர்ந்து பார்த்தால் பொம்மைகளும் குதித்துக்கொண்டிருந்தன.

முதலில் பேண்டு வாத்தியக்காரர்கள் வரிசையாகப் பலகையின் ஓரத்துக்கு நடந்து வந்து, ஒருவர்பின் ஒருவராக இறங்கினார்கள். அடுத்து கிரிக்கெட் அணி பதினொரு பேரும் ஒரே பந்தில் அவுட். மாப்பிள்ளை விழ, பொண்ணும் கூடவே போனாள். நான் இரண்டு கையாலும் பிடித்த புரோகிதர் என் கையிலேயே பொடியானார். பிறகு பலகையே சரிந்தது. நாலும்.

கூடம் முழுக்க மண் புகை. பாட்டு மட்டும் நிற்கவில்லை. எனக்குத்தான் சுவிட்சு எங்கே இருக்கிறதென்று மறந்துபோனது.

அத்தை ஓடிவந்து, "அய்யய்யோ, ஆர்டரு பொம்மையெல்லாம் போச்சே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பின்னாலேயே மாமா, முழங்கை வரை மண் குழம்போடு. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த வேப்பூர் பஸ் எத்தனை மணிக்கு என்று மனசு கணக்குப் போட்டது.

மாமா குவியலைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். தும் தும். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார். பேச வாயெடுத்தார். அத்தை, பழக்க தோஷத்தில், பேச்சை வாங்கி என்னிடம் கொடுப்பதற்காக அவர் பக்கம் திரும்பினார். அவர் அத்தையைத் தாண்டி என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"யம்மா, இனிமே வுழறதுக்கு ஒண்ணும் இல்லியே. இன்னும் கொஞ்சம் கூட்டு."

அழுதுகொண்டே சிரித்தேன். கூட்டத்தான் முடியவில்லை, திருகு ஏற்கெனவே கடைசியில் இருந்தது.

பச்சை மண் என்பதால் எல்லாவற்றையும் தண்ணீரில் கரைத்து, குடும்பமே உட்கார்ந்து மறுபடி வார்த்தோம். ஆர்டர் கடைசி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. இன்று வரை எங்கள் வீட்டில் தட்டு விழுந்தாலும் பால் கொட்டினாலும் நாலா பக்கமிருந்தும் "இன்னும் கொஞ்சம் கூட்டு!" என்றுதான் குரல் வரும்.

அன்றைக்கு வாயைத் திறந்த மாமா அப்புறம் மூடவே இல்லை. பட்டறையிலிருந்து கூடத்துக்கு எனக்குப் போன் போட்டுப் பேசுகிறார். அத்தைக்குத்தான் இப்போது பேச ஆள் கிடைப்பதில்லை. வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் அத்தை என்னைக் காட்டிச் சொல்வார்: "பொம்மைய ஒடைச்சதகூட மன்னிச்சிட்டேங்க. இந்த மனுசன் வாயத் தொறந்து வுட்டுச்சி பாருங்க, அதத்தான் மன்னிக்க முடியல."