தண்ணி தெளித்த கோப்பை

உலகமே தலைகீழாகப் புரண்டாலும் இன்று சாயங்காலம் திராட்சைக் கொடிக்கு மருந்து அடிப்பதில்லை என்று மோமி சபதம் எடுத்துவிட்டார். ஆனால் எதிரி லேசுப்பட்டவள் இல்லை. சம்சாரம் ஜெல்மீனா. மயில்துத்தத்தைக் கரைத்து, மருந்து டேங்கை நிரப்பி, வாசற்படியிலேயே வைத்திருந்தாள். த்ரெவீசோ நகரத்துப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் அடிக்காவிட்டால் கொடி பூஞ்சணம் பிடித்து நாசமாகிவிடும்.

மோமி தொப்பியை மாட்டிக்கொண்டு டேங்கைத் தாண்டினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"சர்ச் பக்கத்துக் கடைக்கு. ஒரே ஒரு ஸ்பிரிட்ஸ்."

"குடிக்கவா?"

"அது குடியா? அந்தப் பேருக்கு அர்த்தம் தெரியுமா உனக்கு? ஜெர்மன் வார்த்தை. தெளிக்கிறதுன்னு அர்த்தம். அந்தக் காலத்துல ஆஸ்திரியாச் சிப்பாய்ங்க நம்ம ஒயினைக் குடிச்சுட்டு மல்லாந்து கிடந்தானுங்களாம். 'ஐயா, ஒயின்ல கொஞ்சம் தண்ணி தெளிங்க'ன்னு கெஞ்சினானுங்களாம். அப்ப வந்த பேரு. பாதிக்கு மேல தண்ணிதான். காய்ச்சல்காரன்கூடக் குடிக்கலாம்."

"உங்களுக்கு நான் எப்பவோ தண்ணி தெளிச்சு விட்டாச்சு. கொடிக்கு யாரு தெளிக்கிறது?"

மோமி கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

"இன்னிக்கு என் முறை, ஜெல்மீனா. கூட்டாளிங்க எல்லாருக்கும் நான்தான் வாங்கித் தரணும். போகலைன்னா ஊருக்குள்ள தலைகாட்ட முடியாது. நம்ம வீட்டு மானம் போயிடும்."

"வாங்கிக் கொடுத்தா அவங்க திருப்பித் தருவாங்களா?"

"பின்னே? நாளைக்கு ஆல்வீசே, அடுத்த நாள் தீத்தா. வேண்டாம்னு சொன்னா அவமானம். வெட்டுக்குத்தே வந்துடும்."

ஜெல்மீனா கொஞ்சம் யோசித்தாள். மோமிக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

"போன வருஷம் நீங்க காய்ச்சல்ல கிடந்தப்ப உங்க முறைக்கு யார் போனா?"

"என் தம்பி போனான். வீட்ல ஒருத்தர் போனாப் போதும்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஜெல்மீனா ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்ப மானத்தை நான் காப்பாத்துறேன். நீங்க கொடியைக் காப்பாத்துங்க."

"நீயா? நீ குடிக்கமாட்டியே?"

"அதுதான் குடியே இல்லையே. காய்ச்சல்காரன்கூடக் குடிக்கலாமாம்."

அவருடைய சட்டைப்பையிலிருந்தே காசை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மோமி டேங்கை முதுகில் ஏற்றினார். வேறு வழி?

அந்தி சாய்ந்ததும் ஜெல்மீனா பாட்டு முணுமுணுத்தபடி வந்தாள். கன்னம் இரண்டும் செக்கச்செவேலென்று இருந்தன. மோமி மூக்கு நுனிவரை துத்த நீலமாக நின்றுகொண்டிருந்தார். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"மருந்து அடிச்சாச்சு. நாளைக்கு நான் கடைக்குப் போறேன்."

"அதெப்படி? இன்னிக்கு வாங்கிக் கொடுத்தது நான்தானே. நாளைக்கு ஆல்வீசே எனக்கு வாங்கித் தரணும், அடுத்த நாள் தீத்தா. வேண்டாம்னா வெட்டுக்குத்து வந்துடும்னு நீங்கதானே சொன்னீங்க. ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சோளக்களியை நீங்களே கிண்டி வச்சிடுங்க."

கதவருகே போனவள் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

"அடி பிடிக்கிற மாதிரி இருந்தா, கொஞ்சம் தண்ணி தெளிங்க."