மகாலட்சுமியின் அனுமதிக் கடிதம்

"எங்கள் பெயர் முன்னால் வரக் கூடாது" என்று செரோஜா நிறுவனத்திலிருந்து மெயில் வந்தபோது, நிவேந்திரன் தெங்கேரா மகாலட்சுமி கோயில் அலுவலகத்தில் வாயில் பாதி வடையோடு உட்கார்ந்திருந்தான்.

விஷயம் சின்னதுதான். செரோஜா என்பது நாடு முழுக்கக் கடைக்காரர்கள் கைப்பேசியில் வைத்திருக்கும் வியாபாரச் செயலி. மலாயில் செரோஜா என்றால் தாமரை. லோகோவும் ஓர் இளஞ்சிவப்புத் தாமரை. அந்தச் செயலிக்குள் ஒரு சந்தை உண்டு. வெளியாள்களும் குட்டிச் செயலிகள் எழுதி அங்கே கடை விரிக்கலாம். நிவேந்திரன் எழுதியது அர்ச்சனைக்கும் உபயத்துக்கும் பதிவு செய்கிற செயலி. 'செரோஜா அர்ச்சனை' என்று பெயர் வைத்திருந்தான். பெரிய இடத்துப் பெயரை முன்னால் போட்டால் மரியாதையாக இருக்கும் என்று நினைத்துவிட்டான், பாவம்.

மரியாதையெல்லாம் வேண்டாம், விதிப்படி நட என்றது மெயில். வெள்ளிக்கிழமைக்குள் எல்லாம் சரியாக இருந்தால் சந்தையில் இடம். இல்லாவிட்டால் அடுத்த பரிசீலனை ஜனவரியில்.

ஜனவரி வரை நிவேந்திரனால் தாங்க முடியாது. சுங்கை ஊடாங்கில் பார்த்த ஸ்டோர் வேலையை விட்டுவிட்டுப் பத்து மாதமாக இதையே கட்டிக்கொண்டு அழுகிறான். மனைவியின் அண்ணன் காந்தன் தன் காண்ட்ராக்ட் கம்பெனியில் இவனுக்காக ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். காந்தன் தங்கமான மனிதர். ஆனால் அவரிடம் வேலை பார்ப்பது என்றால் தினமும் எட்டு மணி நேரம் அவர் பேசுவதைக் கேட்பது என்று அர்த்தம். போதாக்குறைக்கு, நவராத்திரி உபயமெல்லாம் இனி செயலியில்தான் என்று நம்பி, கோயில் தலைவர் நாகமுத்து டிக்கெட் புத்தகம் அச்சடிப்பதையே நிறுத்திவிட்டார்.

பெயரை 'அர்ச்சனை: செரோஜாவில் இயங்குவது' என்று மாற்றினான். ஒப்புக்கொண்டார்கள். கூடவே லோகோ போட்ட சின்னப் பலகை ஒன்றையும் கூரியரில் அனுப்பினார்கள். அதைக் கவுண்டரில் வைத்துப் படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம்.

வைத்தான். போனை எடுத்துக்கொண்டு வருவதற்குள் குருக்கள் பலகைக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மல்லிகைச் சரத்தையும் சுற்றிவிட்டார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. நிவேந்திரனும் மனம் குளிர்ந்துபோய் அப்படியே படம் எடுத்து அனுப்பிவிட்டான்.

அரை மணியில் பதில் வந்தது. 'லோகோவில் அனுமதியில்லாத மஞ்சள், சிவப்பு நிறங்கள் சேர்க்கப்பட்டுள்ளன. லோகோவைச் சுற்றி ஓர் இதழ் அகலத்துக்கு வெற்றிடம் இருக்க வேண்டும். அங்கே பூச்சரம் உள்ளது.'

நாகமுத்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "பொட்டத் துடைக்கணுமா? என்னா தம்பி பேசறீங்க? கோயில்ல வச்ச பொட்ட யாராச்சும் துடைப்பாங்களா?"

"அது வெறும் பலகைதாங்க தலைவரே."

"ஆயுத பூசைக்கு லாரிக்கே பொட்டு வைக்கிறோம். லாரி கம்பெனிக்காரன் எனக்கு லெட்டர் போட்டானா?"

 குருக்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்து, நிவேந்திரன் பூச்சரத்தைக் கழற்றி, ஈரத்துணியால் பலகையைத் துடைத்தான். கவுண்டரில் பூ வாசம் போகவில்லை. அது படத்தில் தெரியாது என்றாலும் பயம் விடவில்லை. பலகையைத் தூக்கிக்கொண்டுபோய் மண்டபத்துச் சுவர் ஓரமாக, வெற்றிடம் தாராளமாக இருக்கும்படி வைத்துப் படம் எடுத்தான். பிறகு தானே ஒரு பொட்டையும் திரும்ப வைத்துவிட்டு நல்ல பிள்ளையாக வந்து உட்கார்ந்தான்.

இந்த முறை மெயிலை மனைவி திவ்யதர்ஷினிதான் முதலில் படித்தாள்.

'நன்றி. பலகை சரி. ஆனால் பின்னால் உள்ள சுவரில் எங்கள் லோகோவை 97 விழுக்காடு ஒத்த உருவங்கள் எட்டு இருக்கின்றன. அவற்றில் ஒன்றின்மேல் ஒரு பெண்மணி நிற்கிறார். எங்கள் லோகோவின்மேல் எவரும் நிற்கவோ உட்காரவோ கூடாது.'

"பெண்மணியாம்ங்க" என்று சொல்லிவிட்டு அவள் சோபாவில் சாய்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"சிரி. திங்கக்கிழமை ஒங்கண்ணன்கிட்ட என்னையக் கொண்டுபோய் விட்டுட்டு வந்து மிச்சத்தச் சிரி."

கோலாலம்பூர் அலுவலகத்துக்குப் போன் போட்டான். ரெனீ என்ற பெண் எடுத்தாள். குரலில் அத்தனை பணிவு.

"மேடம், அது சுவர்ல வரைஞ்சிருக்கிற எங்க தாயார். மகாலட்சுமி. அவங்க தாமரையிலதான் நிப்பாங்க."

"புரியுது சார். ஆனா சிஸ்டம் தொண்ணூத்தேழு காட்டுது. எழுபதத் தாண்டிட்டாலே என் கையில ஒண்ணும் இல்ல லா."

"எல்லாத் தாமரையும் ஒரே மாதிரிதானே மேடம் இருக்கும்?"

"அதச் சிஸ்டத்துக்கு நான் எப்படி சார் சொல்றது?" ரெனீ கொஞ்சம் யோசித்தாள். "ஒண்ணு பண்ணுங்க. அந்த அம்மா வேற நிறுவனத்தோட சின்னம்னா, அவங்க தரப்புல அதிகாரம் உள்ளவர் ஒரு அனுமதிக் கடிதம் கொடுக்கலாம். கையெழுத்து, முத்திரை ரெண்டும் வேணும். வந்ததும் நான் டிக் பண்ணிடறேன்."

நாகமுத்து குதிக்கப் போகிறார் என்று பயந்துகொண்டே போய்ச் சொன்னான். அவரோ மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"தாயார் சார்புல கையெழுத்தா? நானா?"

"அதிகாரம் உள்ளவர்னு கேக்கறாங்க."

முப்பது வருடம் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவர் அவர். எத்தனையோ கையெழுத்துப் போட்டிருக்கிறார். இப்படி ஒன்று வாய்த்ததில்லை. வீட்டுக்குப் போய்க் குளித்து, புது வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். சன்னதிப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கையெழுத்திட்டார். கோயில் முத்திரையை மையில் தோய்த்து, அழுத்தமாகக் குத்தினார்.

வெள்ளிக்கிழமை காலை பதில் வந்தது. 'கடிதம் கிடைத்தது. அதிலுள்ள முத்திரையில் ஒன்பதாவது தாமரை காணப்படுகிறது. இனிப் பலகையின் இடத்தை மாற்ற முடியாது. மாலை ஐந்து மணிக்குள் அதே இடத்தில், உருவங்கள் இல்லாத புதிய படம் தேவை.'

சுவரில் இருப்பதைப் பார்த்துத்தான் அந்த முத்திரையைச் செய்திருந்தார்கள்.

"வேற வழியில்லைங்க தலைவரே" என்றான் நிவேந்திரன். "தண்ணி பெயிண்ட் லேசா அடிச்சு மறைச்சிட்டு, படம் எடுத்ததும் கழுவிடலாம்."

"தாயார் எதுல தம்பி நிப்பாங்க?"

"ஒரு பத்து நிமிஷம்தாங்க."

"பத்து நிமிஷம் ஒங்கள அந்தரத்துல நிக்கச் சொன்னா நிப்பீங்களா?"

ஆனாலும் நவராத்திரிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. டிக்கெட் புத்தகம் ஒன்றுகூடக் கையில் இல்லை. நாகமுத்து சுவரைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்துகொண்டு தலையை ஆட்டினார். நிவேந்திரனுக்கு அவமானமாக இருந்தது. தாயாரின் காலடியை மறைக்கவா பத்து மாதம் கண் முழித்தோம் என்று தோன்றியது. அந்த நேரம் பார்த்து, திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வருகிறாய் என்று காந்தனிடமிருந்து செய்தி வந்தது. பெயிண்டர் கிஷனுக்குப் போன் போட்டான்.

கிஷன் ஊருக்குள் பலகை எழுதுகிறவர். ஒன்பது வருடத்துக்கு முன் இந்த மண்டபத்துச் சுவரை வரைந்ததும் அவர்தான். ஒரு கையில் ஏணியும் மறு கையில் பெயிண்ட் வாளியும் பிளாஸ்டிக் பையில் கட்டிய தேத்தண்ணியுமாக மூன்று மணிக்கு வந்து சேர்ந்தார். பணிவாக ஒரு கும்பிடு போட்டார். ஏணியில் இரண்டு படி ஏறியதும் நின்றார்.

"மனசு வரல தம்பி. நான் வரைஞ்சதுலயே இதுதான் நல்லா வந்துச்சு. எதுக்கு மறைக்கணும்?"

"இவங்க லோகோ மாதிரி இருக்காம்ணே. நாம காப்பி அடிச்சிட்டோம்னு சொல்றாங்க. தொண்ணூத்தேழு பெர்சன்ட்."

"எவங்க?"

நிவேந்திரன் பலகையை எடுத்து நீட்டினான். கிஷன் அதை வாங்கிப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடி பலகையைப் பார்த்தார். பிறகு ஏணியை விட்டு இறங்கி, பிரஷை நனைக்காமலே கீழே வைத்தார்.

"என்னாண்ணே, மறைக்கலையா?"

"வேணாம் லா" என்றார் கிஷன், தேத்தண்ணிப் பையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே. "ஆறு வருஷத்துக்கு முந்தி இவங்கதான் ரெண்டே நாள்ல லோகோ வேணும்னு என் உயிர எடுத்தாங்க, புதுசா யோசிக்க எனக்கு எங்க நேரம், இந்தத் தாயார் காலடியிலதான் டிரேசிங் பேப்பர் வச்சு எடுத்துக் கொடுத்தேன்."