மில்லுக்குப் போன வேல்

எனக்குப் பக்தி நிறைய உண்டு. வாயைக் கட்டத்தான் தெரியாது. இரண்டும் ஒரே உடம்பில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

என் மகள் ஏழாம் மாதத்தில் பிறந்தவள். ஒன்றரை மாதம் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். பிள்ளை பிழைத்தால், மாசி மகத்துக்கு எங்கள் தோட்டத்துக் கோயிலிலிருந்து போர்டிக்சன் கடற்கரைவரை அவள் அப்பா முருகனின் வேலைச் சுமந்து நடப்பார் என்று என் மனைவி வேண்டிக்கொண்டாள். (என்னைக் கேட்கவில்லை.) பிள்ளை பிழைத்தாள். நடந்தாக வேண்டும்.

பகாவ் பக்கத்திலிருந்து கடலுக்கு மூன்று நாள் நடை. வெறுங்கால். வண்டியில் ஏறக்கூடாது. வேல் தரையில் படவே கூடாது. காப்புக் கட்டியவர்கள் ஒருவரையொருவர் 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும், கோபப்படவும் கூடாது. தலைமை என் மச்சான், மனைவியின் அண்ணன். கோபத்துக்குப் பேர்போனவர். வருடத்தில் அந்த மூன்று நாள்தான் எல்லாரும் அவரிடம் நிம்மதியாகப் பேசுவார்கள்.

இரண்டாம் நாள் தெமியாங்கில் ஓர் அன்பர் வீட்டில் சாப்பாடு. சுண்டல் கொண்டுவந்தார்கள். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லலாமா? நான்கு முறை வாங்கினேன். (பக்தி.)

மூன்றாம் நாள் காலை, புக்கிட் பெலண்டோக் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே வயிறு பேச ஆரம்பித்தது. நடையை எட்டிப் போட்டேன். பின்னால் வந்த நாற்பது பேருக்கும் மெய்சிலிர்த்துவிட்டது.

"பாருங்க சாமி, முருகன் எப்படி இழுத்துக்கிட்டுப் போறாருன்னு!" என்று எங்கள் குழுவின் பார்வதி அக்கா கத்தினார். எல்லாரும் அரோகரா போட்டார்கள். நான் ஓடினேன்.

வளைவைத் தாண்டியதும் யாரும் கண்ணில் படவில்லை. பாதையோரம் எண்ணெய் மில்லுக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று நின்றது. ஓட்டுநரைக் காணோம். வேலைக் கீழே வைக்கவும் கூடாது, நான் போகிற காரியத்துக்கு அதைக் கையோடு கொண்டுபோகவும் கூடாது. குலைகளுக்கு நடுவே நிமிர்த்திச் செருகினேன். அடடா, என்ன மூளை என்று என்னை நானே மெச்சிக்கொண்டு மரங்களுக்குள் பாய்ந்தேன்.

திரும்பி வந்தபோது லோரி இல்லை. புழுதி மட்டும் இருந்தது.

சற்று நேரத்தில் குழு வந்து சேர்ந்தது. மச்சான் என் வெறுங்கையைப் பார்த்தார்.

"வேல் எங்க சாமி?"

"லோரில... மில்லுக்கு..."

"யாரு சாமி மில்லுக்குப் போனது?"

"முருகன்."

"ஐயோ, முருகன் மில்லுக்குப் போயிட்டாரா! அரோகரா!" என்று பார்வதி அக்கா இரண்டு கைகளையும் தூக்கினார்.

மச்சான் என் காதருகே குனிந்தார். "நீங்கல்லாம் மனுஷனா சாமி? காப்பு அவுக்கட்டும். அப்புறம் சாமிய நான் கவனிச்சிக்கிறேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மில்லில் லோரியைச் சாய்த்துக் குலைகளைக் கொட்டிவிடுவார்கள். வேல் தரையில் விழும். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த அந்தச் சின்னக் கைதான் கண்முன் வந்தது. சத்தியமாக அழுதுவிட்டேன். மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர், "ஏறிக்குங்க லா, மில்லுல விட்டுர்றேன்" என்றார். ஏறக்கூடாதே! நான்கு கிலோமீட்டர், கல்லிலும் முள்ளிலும் ஓடினேன். பின்னால் நாற்பது பேரும் உறுமி மேளத்தோடு ஓடி வந்தார்கள்.

மில் வாசலில் லோரிகள் வரிசையாக நின்றன. எங்கள் லோரியின் படியில் மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் வேலை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார். அவர்தான் ஓட்டுநர். பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தும் அசையவில்லை. தோட்டத்தில் நம் ஆட்களோடு வளர்ந்தவராம். தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"இத கீழ வைக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும் தம்பி. ஆனா சாமிய லோரில ஏத்திட்டு நீ எங்க போன?"

நாற்பது பேரும் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள். நான் அவர் காலில் விழுந்தேன். பதில் சொல்வதைவிட அது சுலபம். அன்று மாலை வேல் கடலில் நீராடியது.

பாதிப்பேர் விஷயத்தை ஊகித்துவிட்டார்கள். ஆனால் பார்வதி அக்காவின் கதை கேட்க நன்றாக இருந்தது. முருகனே ஆசைப்பட்டுப் போன இடம் என்று அவர் அடித்துச் சொல்ல, மறு வருடத்திலிருந்து எங்கள் யாத்திரை அந்த மில்லையும் சுற்றிக்கொண்டு போகிறது. போக நான்கு கிலோமீட்டர், வர நான்கு. மில்லில் வேலை செய்பவர்கள் மோர்ப் பந்தல் போடுகிறார்கள். காலெல்லாம் கொப்புளத்தோடு வருகிறவர்களும் அந்த வாசலில் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அந்த வேல் அதற்குப் பிறகு என் கைக்கு வந்ததே இல்லை. தண்ணீர்ப் போத்தல் தூக்குகிறேன்.

இந்த வருடம் என் மகளும் நடந்தாள். ஒன்பது வயது. மில் வாசலில் அக்கா கதையைச் சொல்லி முடித்ததும் அவள் மச்சானிடம் திரும்பினாள்.

"முருகன் ஏன் மாமா லோரில போனாரு? அவரால நடக்க முடியலியா?"

மச்சான் நிதானமாக மோரைக் குடித்து முடித்தார்.

"முருகனால நடக்க முடியும் சாமி. உங்கப்பாவாலதான் அன்னிக்கி நிக்க முடியல."