வளருகிற பிள்ளைக்கு ஒரு சோடிப் பலகை

ரொறன்ரோவில் தமிழ்ப் பிள்ளைகளின் நாடியை, பெற்ற தாய்மாரைவிட அதிகம் பிடித்துப் பார்த்த மனிதர் ஒருவர் இருந்தார் என்றால், அவர் நாடி அண்ணைதான். நாடி என்றால் கைநாடி இல்லை, வாய்க்குக் கீழே இருக்கிற நாடி. ஸ்கீ என்கிற பனிச்சறுக்குப் பலகையை நிமிர்த்தி வைத்தால், புதிதாகப் பழகுகிற பிள்ளைக்கு அதன் நுனி நாடிக்கும் மூக்குக்கும் நடுவே வரவேண்டும் என்பது அவருடைய வேதம். றிச்மண்ட் ஹில் கோயிலில் அர்ச்சனைக்கு வரிசையில் நிற்கும்போதும் முன்னால் நிற்கிற பிள்ளையின் நாடியில் உள்ளங்கையை வைத்து, "நூற்றி முப்பது சென்ரிமீற்றர் பலகை" என்பார். தாய் திரும்பி முறைப்பாள். அவர் அதற்குள் அடுத்த பிள்ளைக்குப் போயிருப்பார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பார்க்டேலில் அவரும் நாங்களும் ஒரே மாடிக் கட்டடத்தில் இருந்தோம். ஒரு விளையாட்டுச் சாமான் கடையின் நிலவறையில் ஸ்கீ திருத்துவது அவர் வேலை. கலியாணம் கட்டவில்லை. இத்தனை ஸ்கீ திருத்தியும் அவர் ஒருநாளும் பனியில் சறுக்கியதில்லை. சறுக்குவதை விடுங்கள், நடைபாதையில் கொஞ்சம் ஐஸைக் கண்டால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார்.

அந்த மனிதரில் எனக்கு எரிச்சல். மறைக்க என்ன இருக்கிறது, நல்ல சுத்தமான வயிற்றெரிச்சல்.

காரணம் என் மகள் துளசி. அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. வகுப்பை ஸ்கீ மலைக்குக் கூட்டிப் போகிறார்கள் என்று பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் நாடி அங்கிள் புராணம்தான். "நாடி அங்கிள் சொன்னவர், ஒரு மெல்லிய சொக்ஸ்தான் போடவேணுமாம்." "நாடி அங்கிள் சொன்னவர், முழங்காலை மடிச்சா பெருவிரல் சப்பாத்திலை முட்டக்கூடாதாம்." நான் சோற்றைப் பிசைந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். என் மனைவியும் சேர்ந்துகொண்டாள். "அந்த மனிசன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்." பதினாலு வருடக் கலியாண வாழ்க்கையில் என்னைப் பற்றி அவள் அப்படி ஒரு வசனம் சொன்னதில்லை.

என் பிள்ளைக்கு நான்தான் ஸ்கீ வாங்குவேன் என்று வைராக்கியம் வந்துவிட்டது. ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பழைய சாமான் விற்றார்கள். நேரே போனேன். எங்கள் ஆட்களுக்கு உடுப்பு, சப்பாத்து எது வாங்கினாலும் ஒரே சட்டம், 'வளருற பிள்ளை.' துளசியின் குளிர்கோட் அவளுடைய முழங்காலைத் தாண்டும். அவள் வளர்ந்து அந்தக் கோட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் கோட் கிழிந்துவிடும். அதே சட்டப்படி, அவள் கையை உயர்த்தினாலும் நுனி எட்டாத ஒரு சோடிப் பலகையும், அதற்கேற்ற சப்பாத்தும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

கட்டட வாசலில் நாடி அண்ணை நின்றார். பலகையைப் பார்த்தார், துளசியைப் பார்த்தார், பக்கத்தில் கிடந்த கதிரையில் இருந்துவிட்டார்.

"ஐசே, உது ஆருக்கு?"

"மகளுக்கு."

"உதிலை பிள்ளை திரும்ப ஏலாது. நேரை போய் மரத்தோடைதான் நிக்கும்."

"வளருற பிள்ளை அண்ணை."

"வளர்ந்தாப் பிறகு வாங்கும். அதுக்கு முன்னம் ஏன் காலை முறிக்கப் பாக்கிறீர்?"

"அப்பா, ப்ளீஸ், அங்கிள் சொல்லுறதைக் கேளுங்கோ" என்றாள் துளசி. கண் கலங்கியிருந்தது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அவளுக்கு ஒன்றென்றால் இனி அவரிடம்தான் ஓடுவாள், தகப்பன் என்று நான் எதற்கு?

நாடி அண்ணை எழுந்து, "சரி, கொண்டாரும். பூட்டை எண்டாலும் ஒருக்காப் பாத்துத் தாறன்" என்றார். சப்பாத்தைப் பலகையோடு பிடித்து வைக்கிற பூட்டு அது. விழும்போது தானாகக் கழன்று காலைக் காப்பாற்ற வேண்டும். ஆளின் நிறைக்கு ஏற்ப அதைத் திருகி வைக்க வேண்டும். இதற்குள்ளும் கையை நுழைக்கிறாரே என்று புகைந்துகொண்டு கொடுத்தேன். அடுத்த நாள் பின்னேரம் திருப்பித் தந்தார்.

ஞாயிறு காலை ஒருவருக்கும் சொல்லாமல் பலகையைத் தூக்கிக்கொண்டு பக்கத்துப் பூங்காவுக்குப் போனேன். அங்கே பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிற ஒரு சரிவு இருந்தது. நானே ஓடிப் பழகிக்கொண்டு வந்து, வாசலில் வைத்து அந்த மனிதருக்குப் பதில் சொல்வதாகத் திட்டம். மகளுக்கு வாங்கிய சப்பாத்து எனக்கு அளவாக இருந்தது. அந்த இடத்திலேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

தள்ளிக்கொண்டு புறப்பட்டேன். பிறகு நான் ஒன்றும் செய்யவில்லை, எல்லாவற்றையும் பலகையே பார்த்துக்கொண்டது. இடது பக்கம் சரிந்தேன், அது நேரே போனது. வலது பக்கம் சரிந்தேன், நேரே போனது. "ஐயோ, முருகா!" என்றேன், அதற்கும் நேரேதான் போனது. கம்பி வேலியடியில் குவிந்திருந்த பனிக்குள் தலைகீழாகப் போய் விழுந்தேன்.

கண்ணைத் திறந்தால், மேலேயிருந்து ஒரு மனிதர் பனியில் குந்தியபடியே வழுக்கிக்கொண்டு வருகிறார். நாடி அண்ணை! பலகையைக் காணவில்லை என்று அவரைக் கூட்டிக்கொண்டு வந்த துளசி பின்னால் ஓடி வருகிறாள். அவர் என்னைத் தாண்டிப் போய்ப் பலகைகளைத் தூக்கிப் பார்த்தார்.

"கழண்டிருக்கு! ரெண்டும் வடிவாக் கழண்டிருக்கு!"

"அண்ணை, நான் இஞ்சை கிடக்கிறன்."

"கிடவும். காலை ஆட்டும் பாப்பம்."

இரண்டு காலும் ஆடின. அவர் பெரிய மூச்சு விட்டுக்கொண்டு பனியிலேயே இருந்துவிட்டார். பழைய சொந்தக்காரன் பூட்டை இறுக்கி வைத்திருந்த மாதிரிக்கு, அப்படியே விட்டிருந்தால் முழங்கால் போயிருக்குமாம்.

"நூற்றி எழுபது றாத்தலுக்குத் திருகி வைச்சனான்" என்றார்.

துளசிக்கு விளங்கவில்லை. "அங்கிள், நான் எண்பத்தைஞ்சுதானே?"

"நீ உதிலை ஏறமாட்டாய் எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. ஏறினாக் கொப்பர்தான் ஏறுவார்."

"என்ரை நிறை உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன்.

"ரெண்டு மாசமா என்னைக் காணேக்கை எல்லாம் முறைச்சுக்கொண்டு நிண்டனீர். எனக்குப் பாக்க நல்லா நேரம் கிடைச்சுது."

துளசி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, விலா நொந்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

அன்று பின்னேரம் கடையிலிருந்து இரவலாக வாங்கிய ஒரு சின்னச் சோடிப் பலகையோடும் அவளுக்கேற்ற சப்பாத்தோடும் எங்கள் வீட்டுக்கு வந்தார். துளசி பழக்கத்தில் நாடியை நீட்டிக்கொண்டு அவருக்கு முன்னால் போய் நின்றாள். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"உம்மடை பிள்ளை. நீர் பிடிச்சுப் பாரும்."

நான் பிடித்தேன். அவள் சின்னப் பிள்ளையாய் இருந்தபோது பிடித்தது, அதற்குப் பிறகு இப்போதுதான். பலகையின் நுனி என் பெருவிரலுக்குச் சற்று மேலே வந்தது.

"சரியோ?" என்று என்னிடம் கேட்டார்.

"சரி அண்ணை" என்றேன், ஏதோ நான் அறுதியாகத் தீர்மானித்தது போல.

வெள்ளிக்கிழமை ஸ்கீ மலையிலிருந்து துளசி முகம் சிவக்கத் திரும்பி வந்தாள். பத்துத் தரம் விழுந்தாளாம், பதினோராம் தரம் திரும்பினாளாம். பஸ்ஸில் எல்லோருக்கும், "என்ரை அப்பாதான் அளவு பாத்தவர்" என்று சொன்னாளாம். நாடி அண்ணை அதைக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு தேத்தண்ணி குடித்தார்.

இரண்டு வருடம் கழித்து அவர் பிக்கரிங் பக்கம் மாறிப் போய்விட்டார். அங்கே பார்க்கிற பிள்ளைகளின் நாடியை எல்லாம் பிடித்து அளவு சொல்கிறாராம். அந்தப் பிக்கரிங் ஆட்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.