ஒஹையோவின் ஆறு நாற்காலிகள்

"ஒஹையோ பக்கம் யாரும் போகாதீங்க. சனிக்கிழமை நான் பாத்துக்கறேன்."

ஷூ நாடாவைக் கட்டியபடி பத்மா சொன்னாள். அன்று மதியம் ஆபீஸ் லிஃப்டில் சரிந்தாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மகள் ரக்ஷிதாவின் ப்ராஜெக்டுக்குப் பள்ளியில் ஒரு மாதம் தள்ளிக் கொடுத்திருந்தார்கள். நாளை கடைசி நாள். அமெரிக்கப் பாடத்திட்டம். தலைப்பு: ஒஹையோ மாநிலத்திலிருந்து காங்கிரஸுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, நடந்த ஆரம்பகாலத் தேர்தல்கள். ஏழு வருடமாக எல்லா ப்ராஜெக்டும் பத்மாவின் பொறுப்பு. ஷோகேஸில் எரிமலையும் பிரமிடும் இன்னும் இருந்தன. முத்துராமன் அவற்றைப் பார்க்காமல் தெர்மோகோலை வெட்டி, வரைபடத்தின் நடுவில் ஒரு நாற்காலியை ஒட்டினார்.

"ஒண்ணுதானாப்பா?"

"1803-ல ஒரே சீட்தாம்மா. படிச்சேன்."

"அது ஃபர்ஸ்ட்ல. அப்புறம் ஜனங்க வந்து குவிஞ்சாங்க. பத்து வருஷத்துல ஆறு சீட். அந்த க்ரோத்தைத்தான் மிஸ் காட்டச் சொன்னாங்க."

மேலும் ஐந்தை ஒட்டினார்.

"ரெண்டு மெம்பர் ஏரிக்குள்ள உக்காந்திருக்காங்கப்பா."

ஏரியைச் சுருக்கப் போய் மாநிலம் இரண்டாக உடைந்தது. செல்லோடேப் போட்டார். அது தெரியாமலிருக்கப் பச்சை ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தார். தெர்மோகோல் உஸ்ஸென்று உருகியது. முதலில் ஓட்டுப்பெட்டி போயிற்று, பிறகு வாக்காளர்கள்.

ரக்ஷிதா அழவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"விடுங்கப்பா. நான் குடுக்கல. அம்மா பண்ணாதான் நல்லா வரும்."

"இரும்மா. அம்மா பண்ற மாதிரியே பண்ணித் தரேன்."

பச்சை படிந்த சட்டையோடு துபாய் கராமாவில் இரண்டு தெரு நடந்தார். அங்கிருந்த ஸ்டேஷனரி கடைக்கு அவர் போனதே இல்லை.

"தெர்மோகோல் ரெண்டு. உருகாத பெயிண்ட் இருக்கா?"

"ஸ்கூல் ப்ராஜெக்டா? என்ன டாபிக்?" என்றார் கடைக்காரர் முகம்மது சித்தீக்.

"ஒஹையோ எலெக்‌ஷன்."

சித்தீக்கின் முகம் மலர்ந்தது. உள்ளே போய் ஒரு பெரிய பெட்டியைத் தூக்கிவந்து திறந்தார். ஆறு நாற்காலிகளும் நிலத்தின் மேல்தான் இருந்தன. ஏரி தண்ணீர் போலவே பளபளத்தது. வாக்காளர்களுக்குத் தொப்பிகூட இருந்தது.

"பத்மா மேடம் ஆபீஸ் டிரைவரா நீங்க? ஒரு மாசமா ரெடியா இருக்கு, மேடம் போனே எடுக்கல."

முத்துராமன் கைகளை நீட்டிப் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"ஏழு வருஷமா எல்லாம் நாந்தான் செஞ்சு குடுக்கறேன், அண்ணே," சித்தீக் குரலைத் தாழ்த்தினார். "அவங்க வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியக்கூடாதாம்."